கூட வந்தவர் வெளியே இருக்கட்டும்

2017 ஆடி மாதத்தில் முதன்முதலாக ஒரு மனநல மருத்துவர் முன் உட்கார்ந்தேன். எனக்கு இடப்புறத்து நாற்காலியில் என் கணவர் இருந்தார். என்ன செய்கிறது என்று மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னவர் அவர். "ராத்திரி தூங்கவே மாட்டேங்குறா சார். திடீர் திடீர்னு அழறா. சொன்னது எதுவும் ஞாபகத்துல நிக்கிறதில்லை. இவங்க குடும்பத்துல யாருக்கோ இந்த மாதிரி இருந்திருக்கும்னு தோணுது." நான் மேசைமேல் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்குள் மருந்துச் சீட்டு எழுதப்பட்டுவிட்டது: மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவரும் அவர்தான். அதை நான் மறுபடி பார்த்தது மூன்று ஆண்டுகள் கழித்து, நீதிமன்றத்தில், எனக்கு எதிராகத் தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களின் நடுவே.

அந்த மருத்துவர் தந்த மருந்தில் எனக்குக் குறையில்லை. வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்ற ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்கு முன் கூட வந்தவரை வெளியே அனுப்பவும் இல்லை. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களிடம் மருத்துவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், அந்தப் பெண் தனியாக இருக்கும்போது மட்டுமே அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது அடிப்படை விதியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த பெண்கள் சிலர், எந்த டாக்டரிடம் போகலாம் என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள். படிப்பையும் அனுபவத்தையும் விசாரிப்பதற்கு முன், உங்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறாரா என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் வீட்டில் அடி விழுந்த நாட்கள் ஆண்டுக்கு மூன்றோ நான்கோதான் இருக்கும். அதனாலேயே அதை வன்முறை என்று சொல்ல எனக்கு நெடுநாள் வாய் வரவில்லை. அன்றாடம் நடந்தது கணக்கு நோட்டு. தேதி, பொருள், தொகை என்று சிவப்பு மையில் கோடு போட்டு என் கணவரே தந்த எண்பது பக்க நோட்டு அது. கொத்தமல்லி 5 ரூபாய், பால் 22 ரூபாய், குழந்தைக்குப் பென்சில் 3 ரூபாய் என்று நான் எழுதி வைக்க வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார், நான் நிற்பேன். கணக்குச் சரியாக இருந்தால் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போடுவார். ஐந்து ரூபாய் இடித்தால் விசாரணை நள்ளிரவைத் தாண்டும். நான் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திச் சம்பாதித்த பணத்துக்குத்தான் இந்தக் கணக்கு, ஏ.டி.எம். அட்டை அவரிடம் இருந்தது. உடலை வருத்துவது, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது ஆகியவற்றோடு பொருளாதாரக் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே, பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உடனே வெளியேறியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடமே ஏதோ கோளாறு என்று ஐந்து ஆண்டுகள் நம்பியிருக்க மாட்டேன்.

நம் ஊர்ப் பெண்கள் பயத்தைப் பயம் என்று மருத்துவரிடம் சொல்வதில்லை. நெஞ்சை அடைக்கிறது, தலை கனக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, ஒரே அசதி என்றுதான் சொல்வோம். நானும் அப்படிச் சொல்லித்தான் மூன்று முறை ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன், ஒருமுறை வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவு வரும்போதெல்லாம், நான் நடிக்கிறேன் என்பதற்கு வீட்டில் இன்னொரு சான்று சேர்ந்தது. வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டாலே கை விறைத்து, அடுப்பில் எதை வைத்திருக்கிறேன் என்பது மறந்துபோகும் ஒருத்திக்கு ஈ.சி.ஜி. எதைக் காட்டும்?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-லிருந்து 2021 வரை ஐந்தாவது சுற்றாக நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான எண் 29.3. இந்தியா முழுவதும் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 விழுக்காட்டினர் யாரிடமும் உதவி கேட்டதில்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இந்தக் கடைசி எண்ணைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஏழு ஆண்டுகள் நான் அந்த 77-க்குள் இருந்தேன்.

2019 மாசியில் மகளைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த கதையை இங்கே எழுதப் போவதில்லை. வந்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. இனிமேல் தேறிவிடுவாள் என்று அம்மாவும் அண்ணனும் நம்பினார்கள். ஆனால் பாதுகாப்பான இடத்துக்கு வந்த மூன்றாவது வாரத்திலிருந்து நான் மோசமானேன். ஆபத்து இருக்கும்வரை உயிரைக் காப்பதிலேயே குறியாக இருந்த உடம்பு, ஆபத்து நீங்கியதும் அடக்கி வைத்ததையெல்லாம் வெளியே கொட்டத் தொடங்குகிறது என்பதைப் பிறகு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்கு அது விளங்கவில்லை. பகலிலும் கதவைத் தாழிட்டேன். குளிக்கும்போது கொண்டி போட்டுவிட்டோமா என்று நான்கு முறை பார்த்தேன். மகள் தம்ளரைக் கீழே போட்ட சத்தத்துக்கு அவள்மீதே பாய்ந்து கத்தினேன். அந்த ஐந்து வயது முகம் சுருங்கியதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கிணற்றடிப் பக்கம் தனியாகப் போக எனக்கே பயமாக இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் இரவுகளில் என் முந்தானை நுனியைத் தன் கையில் முடிந்துகொண்டு படுத்தார்.

அம்மா முதலில் என்னை அழைத்துப் போனது குணசீலத்துக்கு. திருச்சியிலிருந்து முசிறி போகும் வழியில் காவிரிக் கரையில் இருக்கும் அந்தப் பெருமாள் கோயிலில், மனம் பேதலித்தவர்களை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்க வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். என்னை ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் தீர்த்தம் தெளித்து, என் பக்கத்தில் உட்கார்ந்த இடம் அது. எனக்கு அப்போது அது வேண்டியிருந்தது. அங்கே தன் மகனோடு தங்கியிருந்த ஒரு பெரியம்மாள் அம்மாவிடம் சொன்னாராம்: "சாமியையும் கும்பிடுங்க, பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்க. ரெண்டும் வேணும்."

பெரியாஸ்பத்திரி என்றதும் எனக்கு உதறல் எடுத்தது. கல்யாணமான நாள்முதல், "உன்னைக் கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்" என்ற மிரட்டலைக் கேட்டுக் கேட்டு, மனநல மருத்துவம் என்றாலே பூட்டிய கதவு என்று என் மனத்தில் பதிந்திருந்தது. 1794-இல் தொடங்கிய ஒரு மருத்துவ நிலையத்தின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். எத்தனை பெண்கள் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து சிகிச்சைக்கே போகாமல் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. உண்மையில் அங்கும், மாவட்டந்தோறும் உள்ள அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், பெரும்பாலானவர்கள் காலையில் வந்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறவர்கள்தாம்.

எங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவின் முன்னால் இருந்த மர பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். என் பெயரைக் கூப்பிட்டதும் அம்மாவும் எழுந்து உள்ளே வந்தார். மருத்துவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லி, அம்மாவிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, "அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்க. இவங்ககிட்டத் தனியாப் பேசணும், எல்லார்கிட்டயும் இப்படித்தான் பேசுவோம்" என்றார். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. மானம் போகிற எதையும் நான் சொல்லிவிடக்கூடாது என்று வழி நெடுக அவர் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். கதவு சாத்தப்பட்டதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப நீங்க இருக்கிற இடத்துல பயமில்லாம இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அதற்கு முன் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு, யாராவது அடிப்பார்களா, பணத்தைப் பிடுங்கிக்கொள்வார்களா, கழுத்தை நெரித்ததுண்டா, தலையில் அடிபட்டு மயங்கியதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தலையில் பட்ட அடிக்கும் ஞாபக மறதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதால் கேட்கிறேன் என்று விளக்கமும் சொன்னார். செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா என்பதை, பசிக்கிறதா என்று கேட்பது போன்ற சாதாரணக் குரலில் கேட்டார். தோன்றுகிறது என்றேன். சொன்ன பிறகு அந்த எண்ணத்தின் எடை பாதியாகக் குறைந்தது. மாத்திரைகளை அம்மா வைத்துக்கொண்டு அன்றன்றைக்குத் தர வேண்டும், முதல் மாதம் வாரம் ஒருமுறை வர வேண்டும் என்று என் சம்மதத்தோடு அம்மாவை அழைத்துச் சொன்னார். நான் சொன்ன மற்ற எதையும் சொல்லவில்லை. அன்று தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 ஆகியவற்றுக்கு இரத்தமும் எடுத்தார்கள், ஏனென்றால் சோர்வுக்கும் படபடப்புக்கும் உடல் காரணமும் இருக்கக்கூடும்.

என் நோய்க்கு அவர் சொன்ன பெயர் மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு, கூடவே மனச்சோர்வு. ஒரே ஒரு விபத்துக்கோ வெள்ளத்துக்கோ பிறகு வருவதும், தப்பிக்க முடியாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வதைபடுவதால் வருவதும் ஒன்றல்ல என்றும் சொன்னார். இரண்டாவதில் பயத்தோடு சேர்த்துத் தன்னைப் பற்றிய மதிப்பே சிதைந்துபோகும். பிறரை நம்பவும் நெருங்கவும் முடியாமல் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது திருத்தத்தில், இது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. பெயர் தெரிந்ததால் நோய் தீராது. ஆனால் இத்தனை ஆண்டுகளாக என் குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது நோயின் குறி என்று தெரிந்தது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

மருந்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தந்தது செர்ட்ராலின், முதலில் 25 மில்லிகிராம், பிறகு 50, பிறகு 100. முதல் பத்து நாள் குமட்டல் இருந்தது. படபடப்பு சற்றுக் கூடியது போலவும் தோன்றியது. பலன் தெரிய நான்கு வாரமாவது ஆகும் என்று முன்பே எச்சரித்திருந்ததால் பொறுத்துக்கொண்டேன். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் விடியற்காலை கண் விழித்தபோதுதான் இரவு முழுவதும் தூங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. 2017-இல் தூக்கத்துக்கென்று தந்த மாத்திரையை நான் இரண்டு ஆண்டுகளாக விழுங்கிக்கொண்டே இருந்தேன். அது பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும் வகையைச் சேர்ந்தது, அதிர்ச்சியின் பாதிப்பைக் குணப்படுத்துவதும் இல்லை. அதைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்பதால் நான்கு மாதங்களில் கால் பங்கு கால் பங்காகக் குறைத்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறேனே என்று நினைத்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒருமுறை நான் அப்படிச் செய்து, மூன்று நாள் தலைச்சுற்றலில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன்.

மாத்திரை எனக்குத் தூக்கத்தையும் ஒரு தரையையும் தந்தது. அந்தத் தரையில் நடக்கப் பழகியது உளவியலாளரிடம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுபவர். சிகிச்சை உளவியலாளர் உளவியலில் எம்.ஃபில். போன்ற பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர், பேச்சின் வழியே சிகிச்சை தருபவர். பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். நடந்ததையெல்லாம் முதல் நாளே சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்து நான் வயிறு கலங்கிப் போயிருந்தேன். அவரோ முதல் இரண்டு மாதம் நடந்ததைப் பற்றிக் கேட்கவே இல்லை. தூக்கம், மூச்சு, பயம் வரும்போது உள்ளங்கால்களைச் சிமெண்டுத் தரையில் அழுத்திக்கொண்டு கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்வது, இவைதாம் பாடம். காயத்தைத் திறப்பதற்கு முன்னால் அதைத் தாங்குகிற பலம் வர வேண்டும் என்றார்.

இரண்டாவது வாரம், எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை முறை விழித்தேன் என்று ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னார். நான் கடையில் எண்பது பக்க நோட்டு வாங்கி, சிவப்பு மையில் மூன்று கோடு போட்டு, ஒருநாள் விடாமல் எழுதினேன். அடுத்த முறை போனபோது நோட்டை அவர் முன் திறந்து வைத்துவிட்டு, என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அவர் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமே என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. உடம்பு நடுங்கியது, உட்கார முடியவில்லை. அவர் நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தி, "இது உங்க நோட்டு. நான் பார்க்கணும்னு நீங்க சொன்னா மட்டும் பார்க்கிறேன்" என்றார். கணக்கு நோட்டைப் பற்றி நான் முதன்முதலாக வாய் திறந்தது அன்றுதான். பின்னால் எத்தனையோ பேசினோம். அடிபட்ட இரவுகளைக் காட்சி காட்சியாக, அச்சம் வடியும்வரை, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன். ஆனால் என் சிகிச்சை தொடங்கியது எந்தத் தேதியில் என்று கேட்டால், மாத்திரை வாங்கிய தேதியை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நம்மிடையே கவுன்சலிங் என்ற ஒரே சொல் இரண்டு நேரெதிரான காரியங்களுக்கு வழங்குகிறது. மகளிர் காவல் நிலையத்திலும், உறவினர் கூடும் பஞ்சாயத்திலும், சில வேளை நீதிமன்ற வளாகத்திலும் நடக்கும் கவுன்சலிங், இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சேர்ந்து வாழச் சொல்வது. என்னையும் அப்படி ஒருமுறை உட்கார வைத்தார்கள். குழந்தைக்காகவாவது விட்டுக்கொடும்மா என்றார்கள். அன்று இரவு எனக்குப் பழைய கனவுகள் எல்லாம் திரும்பி வந்தன. மனநல சிகிச்சை அதுவல்ல. வன்முறை நடந்த உறவில், வதைத்தவரையும் வதைபட்டவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசும் தம்பதி ஆலோசனை ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன். அங்கே உண்மையைச் சொன்ன பெண் அதற்கான விலையை வீட்டுக்குப் போனபின் கொடுக்க வேண்டியிருக்கும்.

2020-இல் எனக்கும் கணவருக்கும் இடையிலான வழக்கு விசாரணைக்கு வந்தபோது, நான் மனநிலை சரியில்லாதவள், குழந்தையை என்னிடம் விடக்கூடாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. முதலில் சொன்ன அந்த மருந்துச் சீட்டைத்தான் சான்றாக வைத்தார்கள். பல பெண்கள் சிகிச்சைக்கு அஞ்சுவது இதற்காகத்தான். அந்த அச்சம் பொய்யானதல்ல. ஆனால் சட்டம் நாம் நினைப்பதைவிட நம் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததாலேயே, தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிக்காதவரை, அவர் சித்த சுவாதீனமற்றவர் என்று பொருளாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. வெறும் மனநோய் இருப்பதே மணமுறிவுக்குப் போதுமான காரணமாகாது, அதன் தன்மையையும் அளவையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே ராம் நாராயண் குப்தா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சை விவரங்களை மருத்துவர் இரகசியமாக வைக்க வேண்டும் என்பதும், நம் சிகிச்சைக் குறிப்புகளைப் பெற நமக்கு உரிமை உண்டு என்பதும் அதே 2017 சட்டத்தில் இருக்கின்றன. அந்த உரிமையைப் பயன்படுத்தித்தான் அரசு மருத்துவமனைக் குறிப்புகளை வாங்கித் தாக்கல் செய்தோம். வாரம் தவறாமல் சிகிச்சைக்கு வருகிறார், குழந்தையைக் கவனித்துக்கொள்கிறார், அறிகுறிகள் நெடுநாள் வன்முறையோடு பொருந்துகின்றன என்று அதில் இருந்தது. மகள் என்னிடமே இருக்கிறாள். மன வேதனைக்கும் சேர்த்து இழப்பீடு கேட்க 2005 சட்டத்தின் 22-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அந்தக் கோரிக்கைக்கும் இதே குறிப்புகள் பயன்பட்டன.

ஆகவே மருத்துவரிடம் போனால், நடந்ததைச் சொல்லுங்கள், சொன்னதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த 2005 சட்டத்துக்கான 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மருத்துவமனை சிகிச்சை மறுக்கக்கூடாது. மருத்துவ அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். சீட்டுகளை வீட்டில் வைக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் நம்பகமான ஒரு தோழியிடமோ, வேலை செய்யும் இடத்திலோ வைத்திருங்கள். கைப்பேசியை யாராவது சோதிப்பார்கள் என்றால் இன்னொருவர் கைப்பேசியிலிருந்து பேசுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பெண்களுக்கான 181 உதவி எண், வன்முறையிலிருந்து உடனே வெளியேற வேண்டியவர்களை ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடும். தங்க இடம், மருத்துவம், சட்ட உதவி, மன ஆலோசனை ஆகியவை அங்கே ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நோக்கம். 2005 சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவ நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.

2021 இறுதியில் தொடங்கி, எட்டு மாதங்களில் படிப்படியாகக் குறைத்து மாத்திரையை நிறுத்தினோம். ஆறு மாதம் நன்றாக இருந்தேன். பிறகு வழக்கின் ஒரு வாய்தாவுக்கு முந்தைய வாரம் தூக்கம் போயிற்று. மறுபடி மாத்திரை தொடங்கி, மறுபடி குறைத்தோம். மகளுக்கும் ஓராண்டு விளையாட்டு வழியிலான சிகிச்சை தேவைப்பட்டது, ஏனென்றால் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையும் அந்த வீட்டில் வாழ்ந்தவள்தான். இப்போதும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை உளவியலாளரைப் பார்க்கிறேன். மாதச் செலவை நான் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. மாதக் கடைசியில் சற்று இடிக்கத்தான் செய்கிறது, இடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் போன வாரம் ஓய்வறையில் தனக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். ஈ.சி.ஜி. எடுத்துவிட்டாராம், ஒன்றுமில்லையாம். முழங்கைக்கு மேலே சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அங்கே வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா அக்கா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் வந்து, நீங்கள் போன இடத்துக்கு என்னையும் கூட்டிப் போகிறீர்களா என்று கேட்டார். நாளை வியாழக்கிழமை, இருவரும் அரை நாள் விடுப்புப் போட்டிருக்கிறோம். ஏழரை மணிப் பேருந்தைப் பிடித்தால் ஓ.பி. சீட்டு வரிசையில் முன்னால் நிற்கலாம். அவர் பெயரைக் கூப்பிட்டதும் கதவுவரை கூடப் போய்விட்டு, நான் வெளியே அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.